தாளம் தப்பிய ஆட்டம்

சர்ஃப் சலவைத்தூள் விளம்பரத்து லலிதாஜியின் ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மலிவு விலையில் வந்து நின்ற நிர்மாவை எதிர்த்து அந்தச் சர்ஃப் அம்மாள் கறாராகப் பேசிய கணக்கு, அவரை உருவாக்கிய அலீக் பதம்ஸீயின் மேதைமைக்கு அத்தாட்சி. ஆனாலும் அவர் பேசித்தான் ஜெயித்தார். பேசாமலே ஜெயித்தவள் 1994இன் கேட்பரி சாக்லேட் விளம்பரப் பெண்.

பந்து உயரே எழும்புகிறது. கீழே ஒருவர் கேட்ச் பிடிக்க ஓடுகிறார். நம் கண் பந்தின் மேல் நிற்க வேண்டிய அந்த நொடியில், கேமரா கேலரியில் சாக்லேட்டைக் கடித்தபடி தவிக்கும் ஒரு பெண்ணைக் காட்டுகிறது. மட்டையடிக்கிறவனின் பயம் அவள் முகத்தில்தான் நமக்குத் தெரிகிறது. எழுதிய பியூஷ் பாண்டே ராஜஸ்தானுக்காக ரஞ்சி ஆடியவர். களத்தின் நடுவில் நிற்பவனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அறிந்தவர். அப்படிப்பட்டவர் கதையைக் கேலரிக்குக் கொடுத்தாரே, அதுதான் ருசி. இன்றைக்கு இதே படத்தை எடுத்தால் மட்டை ஒரு நட்சத்திர வீரர் கையில் இருக்கும். கேமரா அவரை விட்டு நகராது.

கேட்ச் தப்பிய பிறகு அந்த ஆட்டம். காவலாளியிடம் சிக்காமல் நழுவி மைதானத்துக்குள் ஓடிவந்து ஆடுகிறாளே, எந்த டான்ஸ் மாஸ்டரும் அப்படி ஸ்டெப் சொல்லித் தரமாட்டார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சாக்லேட் குழந்தைகள் சமாச்சாரம் என்றிருந்த காலம். ‘பெரியவர்களும் சாப்பிடலாம்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விளம்பரம் செத்திருக்கும். வளர்ந்த ஒருத்தி ஊர் பார்க்கக் குழந்தையாகிவிட்டாள். சொல்ல வேண்டியது அதிலேயே முடிந்தது. தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க உட்கார்ந்த நாட்களில் நாங்கள் விளம்பரத்துக்கு எழுந்துபோனதே இல்லை.

2013இல் வந்த கூகுள் விளம்பரப் படத்தைச் சிலர் இதற்கும் மேலே வைப்பார்கள். பிரிவினையில் பிரிந்த இரண்டு நண்பர்கள், டெல்லியில் ஒருவர், லாகூரில் ஒருவர்; தேடிச் சேர்த்துவைப்பவள் பேத்தி. நல்ல படம்தான். தேடல் அங்கே கதைக்குள்ளேயே வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதைப் பார்த்துக் கிளம்பிய கூட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை. யூடியூபில் மூன்று நிமிடம் அம்மா அழுவாள், மகன் திருந்துவான், கடைசியில் ஒரு நகைக்கடை லோகோ. நகைக்கடையை எடுத்துவிட்டு சிமென்ட் கம்பெனியை வையுங்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. பியூஷின் தம்பி பிரசூன் இயக்கிய ஃபெவிகால் பசையின் பஸ் விளம்பரத்தில் அப்படி மாற்ற முடியுமா? வசனமே கிடையாது. பாலைவனச் சாலையில் பஸ் குலுங்குகிறது, மேலும் கீழும் தொங்கும் ஜனத்தில் ஒருவரும் விழவில்லை. பசையை எடுத்தால் கதையே உதிர்ந்துவிடும்.

2021இல் கேட்பரி படத்தைத் திருப்பிப் போட்டார்கள்: பெண் மட்டை பிடிக்கிறாள், ஆண் ஓடிவருகிறான். எங்கே அவனை ஒழுங்காக ஆடவைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நல்லவேளை, அவனும் கண்டபடிதான் ஆடினான். 2025 அக்டோபரில் பியூஷ் போய்விட்டார். இப்போது விளம்பரத்தில் வரும் பாட்டிகூடத் தாளம் தப்பாமல் ஆடுகிறார். ஆடி என்ன, எதை விற்க ஆடினார் என்பதுதான் நினைவில் நிற்பதில்லை.