படிப்புக்கு எப்போது காசு கட்டுவது?

மேற்கு லண்டனில் பஞ்சாபிகளின் ஊர் என்று பெயரெடுத்த சவுத்தாலில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் பிள்ளை ஏ லெவல் இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டால், அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளேயே இரண்டு வகைப் பெற்றோரைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர் முதலில் கேட்பது, “என்ன கோர்ஸ்?” திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்தவர் கேட்பது, “எந்த காலேஜ்? பிளேஸ்மென்ட் எப்படி?” முன்னவருக்கு மருத்துவம் எங்கே கிடைத்தாலும் மருத்துவம்தான். பின்னவருக்கு ஒரே கம்ப்யூட்டர் சயன்ஸ் நாலு கல்லூரிகளில் நாலு வேறு படிப்பு.

இவர்களுக்கு உலகம் தெரியாது, அவர்களுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும் என்று இரு பக்கத்தாரும் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதுண்டு. விஷயம் அதுவல்ல. பல்கலைக்கழகப் படிப்புக்கான விலையை இலங்கை வாசலுக்கு வெளியிலேயே வாங்கிவிடும். தமிழ்நாடு உள்ளே விட்டபிறகு பருவத்துக்குப் பருவம் வாங்கும். கேள்விகள் வேறுபடுவது அதனால்தான்.

இலங்கையில் பிள்ளை பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்கிறது என்பதே அரைகுறை உண்மை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீண்டது, கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாத இடத்தில் வரிசை நீளும் அல்லவா? அந்த வரிசையை யார் ஒழுங்குபடுத்துவது என்பதுதான் ஐம்பது வருட அரசியல். 1970களின் தொடக்கத்தில் பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளியைச் சரிக்கட்டும் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக் கணக்கிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் போகின்றன. 2001 முதல் வெறும் புள்ளியை விட்டு, பாடத்தின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் இசட் புள்ளியைப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவத்துக்கு எடுபடாத இசட் புள்ளி முல்லைத்தீவில் எடுபடலாம். இதற்காகவே பிள்ளையை வன்னிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற நினைத்த பெற்றோரும், அதைத் தடுக்க எங்கே எத்தனை வருடம் படித்தது என்று துருவும் விதிகளும் உண்டு.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைப் பார்த்து, படிப்பும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீட்டு எண்களை விருப்ப வரிசையில் நிரப்புவார்கள். அதன்பிறகு வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருப்பதுதான் வேலை. பொறியியல் கிடைத்தால் அது பேராதனையா, மொறட்டுவையா, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடமா என்பது அடுத்த கதை. விடுதி எப்படி, நூலகம் எப்படி என்று கேட்டுத் தெரிவு செய்பவரை நான் கண்டதில்லை. கிடைத்ததே பெரிது. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது.

அப்போது விலை எங்கே? ரியூசனில். காலை ஐந்தரைக்கு பௌதிகம், பள்ளிக்கூடம், பின்னேரம் இரசாயனவியல், சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து வரும் மாஸ்டரின் மண்டப வகுப்பு. முதல் தரம் சரிவராவிட்டால் இரண்டாம் தரம், பிறகு மூன்றாம் தரம். பரீட்சைக்கும் வளாகத்துக்குள் காலடி வைப்பதற்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கழிவதும் உண்டு. இருபத்திரண்டு வயதில் முதலாம் வருடம் தொடங்கும் பிள்ளையின் இழப்பை எந்தக் கட்டண அட்டவணையும் காட்டாது. உள்ளே போனபின் வசதி குறைந்தவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் வரும். முதலாம் வருடமும் கடைசி வருடமும் பெரும்பாலும் விடுதி கிடைக்கும், இடையில் நாலு பேர் சேர்ந்து வெளியே அறை எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகள் அந்த வாடகையில்தான் மேல்மாடி கட்டின.

தமிழ்நாட்டுக் கதை 1984ஐ ஒட்டித் திரும்புகிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. இன்று மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கு மேல். நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தபின் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்கு கட்-ஆஃப். 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு அதன் மேல் நடக்கிறது. மாவட்டம் பார்ப்பதில்லை, சமூகம் பார்க்கிறார்கள். 2021 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனியாக 7.5 விழுக்காடு இருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

ஆனால் இலங்கையர் ஒருவர் வாய் பிளந்து பார்க்கவேண்டியது கலந்தாய்வுக் காலத்தை. முன்பு குடும்பத்தோடு பஸ் ஏறிச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் இடங்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்தபடி கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார்கள். 2018இல் அது இணையத்துக்குப் போய்விட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு எண் 1 என்பதில் தொடங்கி, எந்த எண் எந்த ஊர், போன வருடம் எந்தக் கட்-ஆஃபில் மூடியது, எந்தக் கம்பெனி வளாகத்துக்கு வந்தது என்று பத்தாம் வகுப்பைத் தாண்டாத அப்பாக்களும் ஒப்பிப்பார்கள். காசு கையிலிருந்து போகிறதே, அறியாமல் முடியுமா? நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் தொகை வேறு, விடுதி வேறு, மெஸ் வேறு. விடுதி கட்டுப்படியாகாதவருக்குக் கல்லூரிப் பேருந்து. நாற்பது ஐம்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஊர்களுக்குள் விடியற்காலையில் நுழையும் அந்த மஞ்சள் பேருந்துகளைப் பார்த்தே கல்லூரியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. வீட்டு முக்கில் நிற்கிறதா என்பது தரவரிசையைவிடப் பெரிய தகவல்.

இலங்கையில் தனியார் மருத்துவப் பட்டம் என்றாலே தெருவில் பந்தல் போடுவார்கள். 1980இல் தொடங்கிய வட கொழும்புத் தனியார் மருத்துவக் கல்லூரி அந்தத் தசாப்தம் முடியுமுன் அரசுடமையானது. மாலபேயிலிருந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரி, அரச பல்கலைக்கழக மாணவரும் மருத்துவர் சங்கமும் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018இல் இல்லாமல் போனது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று விலை கொடுத்தபோது ஒருவர் பணப்பையோடு பக்கக் கதவால் நுழைவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வரிசையில் இடமே கிடைக்காத மற்ற முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு பதிலும் சொல்வதில்லை என்பதும் உண்மை.

மாணவர் வாழ்க்கை என்று வரும்போது இரு நாட்டுப் பெற்றோரும் ஒரே இடத்தில் பயப்படுகிறார்கள். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் மகனுக்கே இந்தக் கதியா என்று தமிழ்நாடு அதிர்ந்தது, 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதே 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார், அடுத்த வருடம் இலங்கையிலும் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின் இரண்டும் வேறு வேறு வழியில் போயின. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் கட்டுப்பாட்டையே ஒரு வசதியாக விற்கத் தொடங்கின: கைபேசித் தடை, மாலையில் பூட்டும் பெண்கள் விடுதி, பேருந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி இருக்கை. இருபது வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடப் பிள்ளையாகவே வைத்திருக்கும் இந்த வசதியை நான் வசதி என்று ஒப்பமாட்டேன். இலங்கையில் பகிடிவதை மாணவர் அரசியலோடு பின்னிக்கொண்டு ஓயாமல் கிடக்கிறது. ஆனால் அதே வளாகங்களில்தான் நிர்வாகத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கும் பழக்கமும் உயிரோடு இருக்கிறது.

இனி சவுத்தால். இங்கிலாந்து விலையைப் பிறகு வாங்குகிறது, இரு பக்கத்தாரும் தடுமாறுவது இங்கேதான். 1998இல் ஆயிரம் பவுணில் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 ஆகி, 2025இல் 9,535 ஆனது. மூன்று வருடத்துக்கு இருபத்தெட்டாயிரத்துக்கு மேல் என்று கேட்டதும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கும். தஞ்சாவூர் அப்பா வீட்டுச் சேமிப்பை எடுத்து உடனே கட்டிவிடலாமா என்று யோசிப்பார். இரண்டும் அவசரம். 2023 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கியவர் வருடம் 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால்தான், அந்த மேலதிகத்தில் 9 வீதம் கழிப்பார்கள். முப்பதாயிரம் சம்பளத்துக்கு மாதம் 37 பவுண் 50 பென்ஸ். நாற்பது வருடத்தில் மிச்சம் தள்ளுபடியாகும். வேலையில்லாவிட்டால் ஒருவரும் கதவு தட்டமாட்டார்கள். ஊரில் அடகுக் கடைக்காரரிடம் வாங்கிய கடனைப்போல இதை எண்ணத் தேவையில்லை. நடுத்தரச் சம்பளக்காரர் நாற்பது வருடம்வரைகூடக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பதையும் மறைக்கக்கூடாது.

மாணவர் விசாவில் ஊரிலிருந்து நேரே வருபவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு எல்லாமே முன்பணம்: பல மடங்கு கட்டணம், 28 நாள் வங்கியில் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவு, வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியால வேலைதான் செய்யலாம். முகவர் சொல்வதை நம்பி, அந்த உழைப்பில் கட்டணத்தையும் கட்டலாம் என்று வருபவர்கள் சவுத்தால் அறைகளில் மூவரும் நால்வருமாக இருக்கிறார்கள்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மையான முடிவு, வீட்டிலிருந்து போவதா வெளியே தங்குவதா என்பதுதான். பஸ்ஸில் ஈலிங்கின் வெஸ்ட் லண்டன் பல்கலைக்கழகமும் அக்ஸ்பிரிட்ஜில் புரூனலும் எட்டும். எலிசபெத் லைன் ரெயில் வந்தபின் மத்திய லண்டன் கல்லூரிகளும் அரை மணித்தியாலச் சமாச்சாரம். வீட்டில் இருந்தால் வாழ்க்கைச் செலவுக் கடன் குறைவாகக் கிடைக்கும், கடனும் குறைவாக ஏறும், சோறும் கறியும் உண்டு. ஆனால் பின்னேரம் நடக்கும் சங்கக் கூட்டம், நாடகம், விளையாட்டு, நூலகத்தில் நள்ளிரவு வரை இழுக்கும் வாதம் எல்லாம் கடைசி ரெயிலோடு முடிந்துவிடும். பெண்பிள்ளை என்பதற்காக மட்டும் வீட்டில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு நாட்டுப் பக்கத்திலும் இருக்கின்றன. மஞ்சள் பேருந்தை எலிசபெத் லைன் ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய கேள்விகளில் இங்கே அதிகம் பயன்படுவது தமிழ்நாட்டுக் கேள்விதான். ஒரே பெயருள்ள படிப்பு இடத்துக்கிடம் மாறும், ஒரு வருட வேலைப் பயிற்சி சேர்ந்த பட்டம் எங்கே உண்டு என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. எங்கே கிடைத்தாலும் சரி என்ற இலங்கை மனப்பான்மை இங்கே ஏமாற்றும், ஏனென்றால் ஓகஸ்டில் மிச்ச இடங்களை நிரப்பும் கிளியரிங்கில் ஏதோ ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் இலங்கையர் முந்திக்கொள்ள வேண்டும், ஆனால் தயங்குகிறார்கள். பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரியின் தபால் குறியீடு, படித்த பள்ளியின் பெறுபேறு, இலவசப் பள்ளி உணவு பெற்றாரா என்பவற்றைப் பார்த்து, கேட்கும் ஏ லெவல் பெறுபேற்றை ஒன்றிரண்டு படி குறைக்கின்றன. தமிழ்நாட்டுக்காரர் இதைக் கேட்டதும் 7.5 விழுக்காட்டை நினைத்து, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைத் தேடிப் படிக்கிறார். தரப்படுத்தலால் தன் அண்ணனுக்கு இடம் போனதென்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது மாவட்டக் கோட்டா மாதிரித் தெரிகிறது, சலுகை கேட்பது கௌரவக் குறைவு என்கிறார். பிள்ளை அதற்குள் தன் தபால் குறியீட்டைப் போட்டுப் பார்த்துவிட்டது. ஜனவரி மாத விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் ஐந்து தெரிவுகளை நிரப்பவேண்டியதும் அதுதானே.