பழம் பாடலும் பதவி நீக்கமும்

மொழிபெயர்ப்பாளரின் வாழ்வை இலக்கிய வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்பிலே அடக்கிவிடுகிறது. ஜேர்மன் மத்தியகாலக் கவிதையைப் பிற்கால ஜேர்மனுக்குக் கொணர்ந்த கார்ல் சிம்றொக்கின் (1802–1876) வாழ்வு அங்ஙனம் ஒதுக்கத்தக்கதன்று என்பது நமது கருத்து.

றைன் நதிக்கரையிலுள்ள பொன் நகரில், பேதோவனின் இசையாக்கங்களை வெளியிட்ட பதிப்பாளரொருவரின் மகனாகப் பிறந்த அவர், சட்டம் பயின்று பிரஷ்ய அரசின் சேவையிற் சேர்ந்தார். 1200ஆம் ஆண்டளவிற் பெயரறியாப் புலவனொருவன் பாடிய நிபெலுங்கர் காவியத்தை 1827இல் மொழிபெயர்த்தார். 1830இல் பாரிஸ் மக்கள் தம் மன்னனை விரட்டினர். அந்த யூலைப் புரட்சியைப் போற்றி அவர் ஒரு கவிதை எழுதினார். பிரஷ்ய அரசு அவரைப் பதவியினின்று நீக்கியது.

பதவியிழந்தவர் பழமைக்குள் ஓடி ஒளிந்தாரா? இல்லை என்றே கூறுவோம். லாக்மன் போன்ற பேரறிஞர் பழைய ஏடுகளை மூலமொழியிலேயே செப்பனிட்டுப் பதிப்பித்தனர். அவை கற்றோர் மேசையைத் தாண்டவில்லை. சிம்றொக்கோ வால்தரின் பாடல்களையும் (1833), வொல்ஃப்ராமின் பார்சிவால் காவியத்தையும் (1842) சாதாரண வாசகன் கைக்கெட்டச் செய்தார். சந்தையில் விற்ற மலிவு நூற்கதைகளையும் பாவைக்கூத்தின் பவுஸ்ட் கதையையும் அதே மதிப்புடன் தொகுத்தார். பொன் பல்கலைக்கழகம் அவருக்கு ஆசனமளித்தது 1850இலேதான்.

குறைகளும் உள. மூலத்தின் சந்தத்தையும் சொல்லையும் விடாது பற்றியமையால் அவர் அடிகளில் வழக்கொழிந்த சொற்கள் மலிந்தன. தந்தையின் செல்வமும் திராட்சைத் தோட்டமும் அவரைத் தாங்கின என்பதையும் மறத்தலாகாது. வறியவனொருவனாயின் அரசின் தண்டனை அவன் பேனாவையும் முறித்திருக்கும்.

இவற்றினும் பெரிய பாடமொன்றுண்டு. 1943 ஜனவரி 30இல், ஸ்ராலின்கிராட் முற்றுகையுள் மடிந்துகொண்டிருந்த ஜேர்மன் படைக்கு, நிபெலுங்கர் இறுதிவரை போரிட்ட எரியும் மண்டபத்தை உவமை காட்டினான் நாஸித் தலைவன் கோரிங். காவியமோ பிரபுக்களின் செருக்கும் வஞ்சமும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட கதை. அது வெற்றி முழக்கத்திலன்று, அழுகையிலேயே முடிகிறது.

பழம் இலக்கியத்தை மக்கள் மொழியிலே தருதல் முதற் பணி. மக்கள் பக்கம் நின்று அதன் பொருளை விளக்குதல் அடுத்த பணி. முதலாவதைச் சிம்றொக் செய்தார். இரண்டாவது கைவிடப்படும்போது காவியமும் கொலைஞர் கைக் கருவியாகிவிடுகிறது. வகுப்பறையிற் பழம்பாடல் கற்பிக்கும் நாம் இவ்விரண்டாம் பணியை யாரிடம் ஒப்படைக்க முடியும்?