வலி கடைசியில்தான் வரும்: ஆர்.யு.ஆர். நாடகமும் செயற்கைத் தசைகளும்

2025 பிப்ரவரியில் ஒரு காணொளி எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட ஓர் உடல். முகம் கிடையாது. தோல் கிடையாது என்பதால் வெள்ளை வெள்ளையாகத் தசை இழைகள் வெளியே தெரிகின்றன. அது கையை உதறுகிறது, காலை உதைக்கிறது. போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரைச் சேர்ந்த க்ளோன் ரோபோடிக்ஸ் நிறுவனம் அதற்கு 'புரோட்டோக்ளோன்' என்று பெயர் வைத்திருந்தது. 1000-க்கும் மேற்பட்ட செயற்கைத் தசை இழைகள் கொண்டது என்று அறிவித்தது. "தூக்கத்தில் வரும்போல இருக்கு" என்று நண்பர் ஒருவர் எனக்கு அதை அனுப்பினார்.

எனக்கு அதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது ஒரு பழைய நாடகம். வ்ரோட்ஸ்வாஃபுக்குத் தெற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், செக் மொழியில் கரேல் சாப்பெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' ரோபோ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த நாடகம் அது. 1921 ஜனவரியில் பிராகின் தேசிய அரங்கில் மேடையேறியது. அந்தப் பெயரைக் கேட்டாலே நம் மனம் தகரம், திருகாணி, விளக்கெரியும் கண்கள் என்று போய்விடும். ஆனால் சாப்பெக்கின் ரோபோக்களில் தகரமே கிடையாது. அவை செயற்கைச் சதையால் ஆனவை. ரோஸ்ஸமின் ஆலையில் ஈரலுக்கும் மூளைக்கும் தனித்தனித் தொட்டிகள் இருக்கின்றன, எலும்புக்கு ஒரு பட்டறை இருக்கிறது, நரம்புகளை நூற்க ஒரு நூற்பாலையே இருக்கிறது. நூறு வருடமாக உலோகத்தில் ரோபோ செய்து களைத்த பிறகு, பொறியியல் இப்போதுதான் சாப்பெக் தொடங்கிய இடத்துக்கு வந்திருக்கிறது.

அதனால் இந்த நாடகத்தை இன்று மறுபடி வாசிக்க வேண்டும் என்று சொல்வேன். ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதர்களை அழிப்பதற்காக அல்ல, அந்தக் கதையை நூறு சினிமாவில் பார்த்தாயிற்று. உடலை நகலெடுக்கும்போது எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம், விட்டதை எப்போது, யாருக்காகத் திரும்பச் சேர்க்கிறோம் என்ற கேள்விக்காக.

நாடகத்தில் ரோஸ்ஸம்கள் இருவர். மூத்தவர் உடலியல் விஞ்ஞானி. கடவுள் தேவையில்லை என்று நிரூபிக்கும் வெறியில் மனிதனை அப்படியே செய்யப் பார்க்கிறார். குடல்வால், தொண்டைச் சதை என்று ஒன்றையும் விட மாட்டேன் என்கிறார். பத்து வருடம் உழைத்துச் செய்தது மூன்று நாள் உயிரோடு இருக்கிறது. இளையவர் பொறியாளர். மனித உடற்கூறைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு சிக்கல் எதற்கு?' என்று வெட்டத் தொடங்குகிறார். வேலை செய்ய வேண்டியவனுக்கு வயலின் எதற்கு, சந்தோஷம் எதற்கு? வேலைக்கு உதவாத எல்லாம் போகிறது. மிச்சம் இருப்பதுதான் ரோபோ.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இளைய ரோஸ்ஸம் நன்றாகத் தெரிந்தவர். ஒவ்வொரு ப்ராஜெக்ட் மீட்டிங்கிலும் அவர் உட்கார்ந்திருப்பார். "இது முதல் ரிலீஸுக்கு வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். சாப்பெக் அவரை வில்லனாக எழுதவில்லை என்பதுதான் நாடகத்தின் பலம்.

இனி தசைக்கு வருவோம். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நீங்கள் கதவைத் தள்ளும்போதும் மேற்கையின் பின்பக்கத் தசை ஒன்று முழங்கை எலும்பை இழுக்கத்தான் செய்கிறது. ஆகவே மூட்டை மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று தசைகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்து இறுகினால் மூட்டு விறைக்கும், இரண்டும் தளர்ந்தால் துவளும். மூட்டில் ஒரு மோட்டாரைப் பொருத்தி இதைக் கொண்டுவருவது கடினம். செயற்கைத் தசையின் மேல் பொறியாளர்களுக்கு இருக்கும் மோகத்துக்கு இது நியாயமான காரணம். மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் எந்திரம் தேவைப்படும்போது துவளத் தெரிந்திருப்பது நல்லது.

இவற்றில் மிகவும் எளிமையானது காற்றுத் தசை. ஒரு ரப்பர் குழாய், அதைச் சுற்றி வலைப்பின்னல் உறை. உள்ளே காற்றை அடைத்தால் குழாய் பருக்கும். பின்னல் நீளாது என்பதால், பருத்த அளவுக்குக் குட்டையாகி இரு முனைகளையும் இழுக்கும். அவ்வளவுதான். இன்றைய பல செயற்கைத் தசைகளுக்கு இதுதான் மூதாதை. இதைப் புகழ்பெறச் செய்த ஜோசஃப் மெக்கிப்பனின் பெயராலேயே இது அறியப்படுகிறது.

மெக்கிப்பன் லாஸ் அலமாஸில் வேலை செய்த இயற்பியலாளர். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, கடைசி நொடிகளின் தானியங்கி நேரக்கருவியை முடுக்கிவிட்டவர் அவர். 1950-களில் அவருடைய மகளை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. கைகள் செயலிழந்தன. மகளின் விரல்கள் ஒரு பொருளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் காற்றுத் தசையைக் கையில் எடுத்தார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது என்னால் எந்த முடிவுக்கும் வர முடிவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தத் தசை மனித உடலைப்போலத் தெரிய வேண்டும் என்று அவர் கவலைப்படவில்லை. அதற்கு ஒரு கை ஏற்கெனவே இருந்தது. அந்தக் கைக்கு ஒரு சொந்தக்காரியும் இருந்தாள். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது அவளுடைய விருப்பம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இன்றைய செய்திகளைப் பாருங்கள். 2014-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த ரே பாமனின் குழு, தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பை முறுக்கிச் சுருளாக்கிச் சூடேற்றினால் தசைபோலச் சுருங்கும் என்று காட்டியது. அழகான ஆய்வு. 'மனிதத் தசையைவிட 100 மடங்கு எடை தூக்கும்' என்றுதான் அது ஊடகங்களுக்குப் போனது. எப்போதும் இந்த எண்தான் முதலில் வரும். ஆனால் தசை என்பது வெறும் இழுவைக் கயிறு அல்ல. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுங்கள், தொட முடிகிறது இல்லையா? தசைக்குள்ளேயே அதன் நீளத்தை உணரும் சிறு உறுப்புகள் இருக்கின்றன, தசைநாணோடு சேரும் இடத்தில் இழுவிசையை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. தசை, வேலை செய்யும் உறுப்பு என்பதோடு உணரும் உறுப்பும்கூட. வேலை கொடுத்தால் வளர்கிறது, கிழிந்தால் தானே ஓரளவு ஒட்டிக்கொள்கிறது, அளவு மீறினால் வலிக்கிறது. நகலெடுப்பவர்கள் முதலில் எடுப்பது இழுவையை. உணர்வு அப்புறம். வலி கடைசி.

அந்தக் கடைசியும் ஒருநாள் வரும். எப்படி வரும் என்று சாப்பெக் எழுதிவிட்டார். முன்காட்சியில், மனிதநேய அமைப்பின் சார்பாக ஹெலனா என்ற இளம்பெண் ஆலைக்கு வருகிறாள். ஆய்வுத்துறையின் மருத்துவர் அவளிடம், ரோபோக்களுக்கு வலி நரம்புகளைப் பொருத்தும் முயற்சியில் இருப்பதாகச் சொல்கிறார். காரணம் இரக்கம் இல்லை. வலி இல்லாததால் ரோபோக்கள் எந்திரத்தில் கையை விட்டு விரலை உடைத்துக்கொள்கின்றன, அவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆலைக்கு நஷ்டம். அதனால் வலி வேண்டும். அதனால் அவை இன்னும் மகிழ்ச்சியாக இருக்குமா என்று ஹெலனா கேட்கிறாள். இல்லை, ஆனால் தொழில்நுட்ப ரீதியில் மேம்பட்டிருக்கும் என்கிறார்.

என் பார்வையில் நாடகத்தின் மையம் இந்தச் சின்ன உரையாடல்தான். பின்னால் வரும் முற்றுகையும் மரணங்களும் கொஞ்சம் மிகை நாடகம். ஹெலனா கடைசிவரை முழுப் பாத்திரமாக உருவாவதில்லை, மேலாளர்கள் மாறிமாறி சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். இந்த உரையாடலில் மட்டும் ஒரு சொல் மிகை இல்லை.

இதை மிகையான கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கெங்கோரோ என்ற ரோபோவைப் பாருங்கள். மனித எலும்புக்கூட்டையும் தசை அமைப்பையும் பின்பற்றிச் செய்யப்பட்டது. தசைக்குப் பதில் மோட்டார்கள் கம்பியை இழுக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார்கள் என்பதால் உடல் கொதிக்கும். 2016-இல் அவர்கள் கண்ட தீர்வு வியர்வை. நுண்துளைகள் கொண்ட அலுமினிய எலும்புகள் வழியே நீர் கசிந்து ஆவியாகி, மோட்டார்களைக் குளிர்விக்கும். கெங்கோரோவால் 11 நிமிடம் தண்டால் எடுக்க முடிந்தது. ஒரு பொறியாளனாக இதை எவ்வளவு ரசித்தேன் என்று சொல்லி முடியாது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். தசை வந்தது, தசையைக் காப்பாற்ற வியர்வை வந்தது. இனி வலி வந்தால் அதுவும் பராமரிப்புச் செலவைக் குறைக்கத்தான் வரும்.

புரோட்டோக்ளோனுக்கு வலிக்கும் என்று நான் சொல்லவில்லை. இன்று அங்கே இருப்பவை சென்சார்கள். என் கேள்வி வேறு: வலி யாருக்குப் போய்ச் சேரும் செய்தி?

போன வருடம் மணிக்கட்டு வலிக்காக பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தேன், தட்டச்சு கொடுத்த பரிசு. விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன என்று அங்கேதான் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்களும் ஒரு கையால் மறு முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள், உள்ளே நெளிவது தெரியும். என்னை இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். சம்பளம் குறையவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா தையல் யூனிட்டில் வேலை செய்பவர். அவருக்கும் அதே மணிக்கட்டு, அதே அறிவுரை. "ரெஸ்ட் எடுத்தா பீஸ் ஏறாதே மேடம்" என்றார். பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்லாமல் கட்டைச் சுற்றினார்.

எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே வலிதான். என்னுடையது எனக்கு வந்த செய்தி, அதைக் கேட்டு நான் நிறுத்தினேன். அவருடையதும் அவருக்குத்தான் வந்தது, ஆனால் நிறுத்தும் உரிமை அவரிடம் இல்லை. ரோஸ்ஸமின் ஆலையில் பொருத்தப்படும் வலி இந்த இரண்டாவது வகை. வலிப்பது ரோபோவுக்கு, லாபம் முதலாளிக்கு, நிறுத்தும் உரிமை ரோபோவுக்குக் கிடையாது.

ரோபோ என்ற சொல்லின் வேர் 'ரொபோட்டா'. நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்துகொடுக்க வேண்டிய உழைப்பு. அந்தச் சொல்லை சாப்பெக்குக்கு எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசஃப். தமிழில் இதற்கு நேர்ச்சொல் நம்மிடம் இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. இன்று "வெட்டியா இருக்கான்" என்றால் சும்மா இருக்கிறான் என்று பொருள். கூலி தராமல் வாங்கப்பட்ட உழைப்பின் பெயர், உழைக்காமல் இருப்பதன் பெயராக மாறிப்போனது. அந்த உழைப்பை நாம் எந்த லட்சணத்தில் நினைவு வைத்திருக்கிறோம் என்று இதிலேயே தெரிகிறது.

நாடகத்தின் கடைசி அங்கத்தில் உலகில் மிஞ்சிய ஒரே மனிதன் அல்க்விஸ்ட். ரோபோக்களுக்குத் தங்களை உற்பத்தி செய்துகொள்ளும் ரகசியம் தெரியாது. எங்களை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடி என்கின்றன. அவற்றின் தலைவன் டேமன் மேசையில் படுக்கிறான். கத்தி பட்டதும் வலியில் அலறுகிறான், வாழ வேண்டும் என்கிறான். நஷ்டத்தைத் தடுக்க யோசிக்கப்பட்ட வலி, அதை உணர்பவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. இதை நான் கிளர்ச்சியைவிடப் பெரிய நிகழ்வாக வாசிக்கிறேன். அதற்கப்புறம் இரண்டு ரோபோக்கள், இவளை விட்டுவிடு, இவனை விட்டுவிடு, என்னை அறுத்துக்கொள் என்று ஒன்றுக்காக ஒன்று முன்வருகின்றன. தன் வலி தெரிந்த பிறகுதான் மற்றதன் வலி தெரிகிறது.

ஆர்.யு.ஆரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாலையில் படித்துவிடலாம். அவசரமாக இருந்தால் முன்காட்சியை மட்டுமாவது படியுங்கள். அடுத்த முறை தோலில்லாத ஓர் உடல் தொங்கியபடி கைகால் உதறும் காணொளி வரும்போது, எத்தனை தசை, எத்தனை மடங்கு பலம் என்பதோடு இன்னொன்றும் கேட்கத் தோன்றும்: இந்தக் கை வலித்தால், நிறுத்தச் சொல்லப்போவது யார்? அந்தக் கேள்வியைக் கேட்க ரோபோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் சட்டையின் தையலைப் பார்த்தாலே போதும்.