கறுப்பில் ஏறி, சிவப்பில் இறங்கு: ஏற்காட்டை ரசிக்க ஒரு வழி

சேலத்தில் கிளம்பும் வண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளை மூச்சுவிடாமல் ஏறும். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் செல்ஃபி, பொழுது சாய்வதற்குள் இறக்கம். இந்த அவசரத்தில் தவறிப்போவது கல்.

மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் நீலம் கலந்த கரும்பாறை தெரியும். பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர்; பல்லாவரம் குன்றுகளிலும் இதே கல்தான். ஆனால் 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் கோயிலைச் சுற்றிய சமதளத்தில், தரை சிவந்து கிடக்கிறது. யுகயுகமாகப் பெய்த மழை பாறையின் சாரத்தைக் கரைத்துக் கொண்டுபோக, மிஞ்சியது செம்மண்ணும் பாக்சைட்டும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் பாக்சைட் போயிருக்கிறது.

இடையில் காப்பித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த பயிர். சில்வர் ஓக் நிழலில், மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி ஏற, கீழே காப்பிச்செடி. கோடை மழை விழுந்த பத்து நாளுக்குள் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். சில நாளில் உதிர்ந்துவிடும். நவம்பரிலிருந்து பழம். தோட்டக்காரரிடம் கேட்டு ஒன்றைப் பிதுக்கிப் பார்த்தால், வழுவழுப்பான தித்திப்புக்குள் தட்டைப் பக்கம் ஒட்டி இரண்டு கொட்டைகள்.

ஹோலி டிரினிட்டி தேவாலயத்திலும் சற்று நிற்கலாம். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு அந்த நிலவியலாளர் தேர்ந்தெடுத்த ஊர் இது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர். அவர் 1882இல் காலமானதும் ஏற்காட்டில்தான்.

இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் மலைக்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவரான பெரியண்ணன் வழியினர் இந்த மலையில் தங்கினார்கள் என்பது அவர்களின் கதை.

அவர்களுடைய தெய்வம் சேர்வராயன், காவேரியம்மனோடு ஒரு குகைக்குள் இருக்கிறார். உள்ளே போக எவரும் குனிந்தாக வேண்டும். அந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்று ஊரில் சொல்வார்கள். மே மாதத் திருவிழாவின்போது மலைக்கிராமங்கள் திரண்டு வந்து நிற்பது அந்தச் சிவந்த தரையில்தான்.