காசின் மேல் காசு: மேலச்சு நாணயங்களை இரசிப்பது எப்படி?

சுன்னாகத்துக்கு அருகேயுள்ள கந்தரோடையில் முத்திரை குத்திய வெள்ளிக்காசுகளும் உரோமக் காசுகளும் கிடைத்ததைப் பால் ஈ. பீரிஸ் நூறாண்டுக்கு முன்பே எழுதிவிட்ட போதிலும், பழங்காசு என்றால் தேய்மானமற்ற பொற்காசு மட்டுமே என்று எண்ணி ஒதுங்கி நிற்போர் இங்கு இன்னும் பலர். அவர்கள் இழப்பவற்றுள் தலையாயது மேலச்சு நாணயம்; அதாவது, புழக்கத்தில் இருந்த காசை உருக்காமல் அதன் மீதே புதிய அரசனின் அச்சை வைத்து அடித்த காசு.

பைசாந்தியப் பேரரசன் ஹெராக்ளியஸ் (610–641) தனக்கு முந்திய போகாஸ், மொரீஸ் ஆகியோரின் செப்புக்காசுகள் மீது தன் உருவை இவ்வாறு அடிப்பித்தான். பின்புறத்துப் பெரிய M எழுத்து கிரேக்க எண்முறையில் 40ஐக் குறிக்கும். அடிப்படை அவ்வளவே, ஏலத்தில் வாங்கியவர் இனிக் கற்கவேண்டியது ஒரு வேறுபாடு.

மேலச்சு வேறு, இரட்டை அடி வேறு. ஒரே அச்சுக்கடியில் காசு சற்று நழுவி இருமுறை அடிபட்டால் அது இரட்டை அடி. அங்கே அதே மூக்கும் அதே எழுத்தும் மயிரிழை விலகி மறுபடி வரும். மேலச்சிலோ அடியிலிருப்பது வேறோர் ஆட்சி: புதிய அரசனின் தோளருகே, அவனுக்கு உரியதல்லாத எழுத்தொன்று தலைகீழாகக் கிடக்கும். சிறு முத்திரையொன்றை மட்டும் ஓரத்தில் பதித்து மற்றதை அப்படியே விட்டால் அது ஒப்புமுத்திரை. கந்தரோடை வெள்ளிக்காசுகளோ தொடக்கத்திலேயே முத்திரைகளால் ஆனவை என்பதால் இவ்வகைகளுள் எதிலும் சேரா. இவை அனைத்தையும் “அடிப்புக் குறை” என்று ஒரே சொல்லில் அடக்கும் ஏலப் பட்டியலை எழுதியவர், காசைப் பார்த்தாரேயன்றிப் படிக்கவில்லை.

படிக்க வேண்டிய இடம் எது? அச்சில் குழியாக உள்ள பகுதியே காசில் மேடாக எழுகிறது; உலோகம் அக்குழியை முழுவதும் நிரப்பாதபோது பழைய உரு நசுங்காமல் தப்புகிறது. ஆகவே புதிய அரசனின் மேடான உடலின் மீதும், அழுத்தம் குறைந்த விளிம்பிலும், பக்கவாட்டு விளக்கொளியில் காசை மெல்லச் சுழற்றித் தேட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கும் நாகரிகம் அந்தத் தடயத்தைத்தான் முதலில் அழிக்கிறது.

மேலச்சைப் பகைவன் முகத்தில் அறைந்த அறையாக மட்டும் விளக்குவது மேலோட்டமானது. நாசிக் அருகே ஜோகல்தம்பியில் 1906இல் கிடைத்த ஏறத்தாழ 13,250 சத்ரப அரசன் நகபானனின் வெள்ளிக்காசுகளுள் 9,000க்கும் மேற்பட்டவற்றில் அவனை வென்ற சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் மலைச்சின்னம் ஏறியிருக்க, மற்றவை தோற்றவனின் முகத்தோடே அதே புதையலில் கிடந்தன. பகை மட்டுமே காரணமென்றால் அவை ஏன் தப்பின?

காதோடு சொல்லத்தக்கது ஒன்றுண்டு: தெளிவான மேலுருவுக்கே ஏலத்தில் போட்டி மிகும், ஆனால் கைக்கு இன்பம் தருவது அடியுருவே. இலங்கை மண்ணிலிருந்து தோண்டியெடுத்த காசை மட்டும் வாங்கக் கூடாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி அது அரசுக்குரியது. மேலும் எந்த இடத்தில், எதனோடு கிடந்தது என்ற செய்தியை இழந்த காசுக்கு, எவ்வளவு நல்ல விளக்கொளியிலும் பாதிக் கதைதான் மீளும்.