மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் திருத்தணியிலிருந்து நகரி வழியாகத் திருப்பதி போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், மடியில் தூங்கிப்போன குழந்தைகள், காலடியில் காவடி சுமந்தவர்களின் மூட்டைகள். மூவர் இருக்கையின் ஓரத்தில் வயதான அம்மா ஒருவர் வந்து நிற்கிறார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குந்துங்க நைனா." மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நகர்கிறார்கள். ஒரு சாண் இடம் பிறக்கிறது. இரண்டு வரிசை தள்ளி இன்னொருவர் அதையே தெலுங்கில் கேட்கிறார்: "கொஞ்செம் சர்துகோண்டி." அங்கேயும் ஒரு சாண் பிறக்கிறது.

தமிழர் ஆங்கிலச் சொல்லைப் போட்ட இடத்தில் தெலுங்கர் தம் சொந்தச் சொல்லைப் போட்டார். அன்றிலிருந்து இந்த 'அட்ஜஸ்ட்' என் காதில் தனியாக விழத் தொடங்கிவிட்டது. தமிழ்ப் பேச்சில் குடியேறிய ஆங்கில வினைகளில் இவ்வளவு வேலை செய்வது வேறு உண்டா என்பது சந்தேகமே. இது நமக்குச் செய்யும் நன்மையையும் தீங்கையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இது வேற்றுமொழிச் சொல் என்பது என் புகார் அல்ல. இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'அனுசரி'யும் வடமொழி வழி வந்ததுதான். தொல்காப்பியமே சொற்களை நான்காக வகுத்து, திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. எல்லையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த வகைப்பாட்டின் பொருள் புத்தகத்தைத் திறக்காமலே விளங்கும்.

முதலில் இந்தச் சொல் நம்மிடம் எப்படி வந்து உட்கார்ந்தது என்று பார்ப்போம். ஆங்கில வினையின் காலமாற்றங்களைத் தமிழ் வாங்குவதில்லை. பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் 'பண்ணு' அல்லது 'ஆகு' என்ற நம் வினையை நிறுத்துகிறது. கேன்சல் பண்ணினான், கேன்சல் ஆயிடுச்சு. காலம், இடம், பால், மரியாதை எல்லாம் தமிழ் வினையின் மேல் ஏறிக்கொள்கின்றன. தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் இதே முறையைத்தான் கையாள்கின்றன. பெங்களூரின் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' அந்த நகரத்தின் அடையாளச் சொற்றொடராகவே ஆகிவிட்டது. வந்த சொல்லுக்கு இடம் கொடுத்தும் தன் இலக்கணத்தை விட்டுக்கொடுக்காத இந்த முறையை நான் மொழியின் பலம் என்றே கருதுகிறேன்.

ஆனால் 'அட்ஜஸ்ட்' விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. "பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணு" என்றால் செயப்படுபொருள் கண்ணெதிரே நிற்கிறது. மெக்கானிக் நட்டை அரைச் சுற்றுத் திருப்பி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு நிறுத்துவார். எதை, எந்தப் பக்கம், எவ்வளவு என்ற மூன்றும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறி ஓட்டுபவர்களுக்குப் பாவு நூலின் இறுக்கம் இப்படித்தான். கூடினால் இழை அறும், குறைந்தால் துணி தளரும். 'பண்ணு' என்பதோடு 'கொள்' என்ற துணைவினை சேர்ந்து 'பண்ணிக்கோ' ஆகும்போதுதான் மாற்றம் வருகிறது. செயலின் பலனையோ பாரத்தையோ தன்மேல் ஏற்றுக்கொள்வதைக் காட்டுவது இந்தத் துணைவினை. அது வந்து சேர்ந்ததும் செயப்படுபொருள் நழுவி விழுந்துவிடுகிறது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." எதை? வாக்கியத்தில் விடை இல்லை. எல்லாவற்றையும் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த நழுவலுக்கும் ஒரு நல்ல முகம் உண்டு. மாதக் கடைசியில் ஒருவர் நண்பரிடம் "ஒரு ரெண்டாயிரம் அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?" என்கிறார். ஆங்கிலேயருக்கு இந்த வாக்கியம் புரியாது. அவர்கள் சொல்லுக்கு இந்தப் பொருளே கிடையாது, இது நாம் கொடுத்தது. கடன் என்ற சொல் கேட்பவரைக் கூனச் செய்யும். இல்லை என்று சொல்ல நேர்ந்தால் கொடுக்க முடியாதவரையும் அது குற்றவாளி ஆக்கும். 'அட்ஜஸ்ட்' இருவர் மானத்தையும் காக்கிறது. "இப்ப முடியலண்ணா, ஒண்ணாந்தேதிக்கு மேல பாக்கலாம்" என்று பேச்சை வளர்க்க அது இடம் வைக்கிறது. கூச்சமில்லாமல் உதவி கேட்க ஒரு சொல் கிடைத்திருப்பது ஏழை எளியவர்களுக்குச் சிறிய நன்மை அல்ல.

பேருந்தில் அது செய்வதும் இதேதான். அங்கே யாருக்கும் யார்மேலும் அதிகாரமில்லை. டிக்கெட் வாங்கிய எல்லாரும் சமம். திருமலையில் சன்னதி முன்னால் கேட்கும் 'ஜருகண்டி' தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். நகருங்கள் என்ற பொருளில் தெளிவான கட்டளை அது, சொல்பவருக்கு அதற்கு அதிகாரமும் உண்டு. 'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' கட்டளை இல்லை. இன்று நான் நகர்கிறேன், நாளை எனக்காக யாரோ நகர்வார்கள் என்ற நம்பிக்கையின் மேல் வைக்கப்படும் கோரிக்கை.

இங்கே சொல்லின் பிறப்பையும் பார்க்கத் தோன்றுகிறது. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. மூலத்தில் இருப்பது 'அருகே' என்று பொருள்படும் லத்தீன் சொல். அருகில் கொண்டுவருதல், நெருக்கிச் சேர்த்தல் என்பதுதான் முதற்பொருள். 'நியாயமான' என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல்லின் சாயல் பிற்பாடு அதன்மேல் படிந்தது. நம் பேருந்துப் பயணி அறியாமலே அந்தச் சொல்லை அதன் முதற்பொருளில் கையாள்கிறார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பின்னால் வந்து சேர்ந்த அந்த நியாயச் சாயலைத்தான் நாம் வேறு இடங்களில் தொலைத்துவிட்டோம்.

வேறு இடங்கள் என்றால், முதலில் வீடு. "புகுந்த வீட்டுல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போம்மா." கல்யாணமாகி மூன்றாம் மாதம் அழுதபடி அம்மா வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் அத்தையும் சித்தியும் சொல்வது இதைத்தான். என் உறவிலேயே இதைக் கேட்டிருக்கிறேன், அருகில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்தது என்ன? வேலையை விடச் சொன்னார்களா, நகையைக் கேட்டார்களா, கை நீட்டினார்களா? ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனி வினை இருக்கிறது. சாப்பாட்டில் காரம் கூடினால் 'பழகிக்கொள்'ளலாம். மாமியாரின் குணத்தோடு 'ஒத்துப்போக'லாம். சிறு சண்டையில் 'விட்டுக்கொடுக்க'லாம். வாரக்கணக்கில் தங்கிவிட்ட விருந்தினரைச் 'சமாளிக்க'லாம். அடியை? அதற்குரிய வினை 'தாங்கு'தான். "அடியைத் தாங்கிக்கோம்மா" என்று சொல்ல எந்தச் சித்திக்கும் நா எழாது. 'அட்ஜஸ்ட்' எழ விடுகிறது. அந்த வீட்டில் நடந்ததன் பெயரை அந்தச் சொல் துடைத்துவிட்டது.

திரைத்துறையில் இது எங்கே போய் முடிந்தது என்பதற்கு எழுத்திலேயே சான்று இருக்கிறது. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2019 டிசம்பரில் அரசிடம் தரப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியே வந்தது. திரைப்படத்துறைப் பெண்களுக்கு நன்கு பழகிய இரண்டு சொற்களாக அது 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்' என்பவற்றைக் குறிப்பிடுகிறது. வாய்ப்புக்கு ஈடாக உடலைக் கேட்பதற்கு அங்கே வைத்த பெயர் அது. தமிழ்த் திரையுலகிலும் அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவர் இல்லை. பேருந்து இருக்கையில் ஒரு சாண் கேட்கும் சொல்லையே அங்கேயும் எடுத்திருக்கிறார்கள். கேட்பவரை அது மென்மையானவராகக் காட்டுகிறது, மறுப்பவளை முரடு பிடித்தவள் ஆக்குகிறது. கடன் கேட்பவரின் மானத்தைக் காத்த அதே மங்கல், இங்கே குற்றம் செய்பவனின் மானத்தைக் காக்கிறது.

அலுவலக மேசையில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்பது விதியை வளைக்கவும் கையூட்டுக்கும் நாகரிகப் பெயர். இது ஊரறிந்தது.

சொல்லின் மேல் பழி போடலாமா, மனிதர்கள்தானே கெட்டவர்கள் என்று கேட்கலாம். பாதி உண்மை. சொல் தானாக யாரையும் நசுக்குவதில்லை. ஆனால் எங்கே அளவு தெரிய வேண்டுமோ அங்கே மனிதர்கள் வேறு சொல்லைத் தேடிப் போகிறார்கள். திருத்தணியின் வரலாறே இதற்குச் சான்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், இரு மாநிலங்களுக்கும் நடுவராக வந்த படாஸ்கரின் தீர்ப்பு, பிறகு 1959-இல் நாடாளுமன்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மறுபடி சென்னை மாநிலத்தில். திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் அந்தப் பக்கம் போயின. கொடுக்கல் வாங்கல்தான், இருதரப்புக்கும் மனக்குறை மிஞ்சிய ஏற்பாடுதான். ஆனாலும் அந்தச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் இருப்பது 'ஆல்டரேஷன்', எல்லை மாற்றம். எந்தத் தாலுகா, எந்த ஊர், எந்த நாள் முதல் என்பது எழுத்தில் இருக்கிறது. இரு மாநிலங்களிடம் யாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

இந்த ஊர்ப்பெயரும் ஒரு வினைதான். சூரனோடு நடந்த போரும் வேடரோடு நடந்த போரும் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம் ஆகையால் தணிகை, செருத்தணி என்பது தலபுராணம். அதனால்தான் மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டியின்போது சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மலரஞ்சலி நடக்கிறது. 'தணிந்தது' என்றால் தானாக, 'தணித்தது' என்றால் இன்னொருவர். ஒரே ஒரு 'த்' யார் செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. சினம் தணிந்தது போர் முடிந்த பிறகு என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அழுதுகொண்டு வந்த அந்தப் பெண்ணிடம் நாங்கள் கேட்டது, வழக்கு இன்னதென்று தெரியுமுன்பே தணிந்துவிடு என்பதுதான்.

தெலுங்கின் 'சர்துகோ'வையும் நான் உயர்த்தி வைக்கவில்லை. 'சர்து' என்றால் ஒழுங்காக அடுக்கு. அதுவும் 'கொள்' போன்ற துணையோடு சேர்ந்து, 'சர்துகுபோ' என்று மருமகள்களிடம் சொல்லப்படும் சொல்தான். எல்லைக்கு அந்தப் பக்கமும் அத்தைகள் இருக்கிறார்கள். ஆகவே சொந்தச் சொல்லை மீட்டுவிட்டால் போதும் என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லை யாரேனும் நம்மிடம் சொன்னால் 'எதை, எவ்வளவு, எதுவரை' என்று திருப்பிக் கேட்கும் உரிமை வேண்டும். பேருந்தில் அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை, விடை கண்ணுக்குத் தெரிகிறது. கேட்டால் கோபம் வரும் இடங்களில்தான் கேட்டாக வேண்டும்.

பொன்பாடி தாண்டி வண்டி நகரியில் நின்றது. அந்த அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "வரேன் நைனா" என்று இறங்கினார். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவர் காலை நீட்டினார், ஜன்னலோரத்தில் இருந்தவர் தோளைத் தளர்த்தினார். இருக்கை மறுபடி மூன்று பேருக்கானதாயிற்று.