பிழை யாருடையது?

பாகலூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் ரோஜாப் பூக்களைப் பறித்துப் பிழைக்கும் முதிய தாய் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஓர் அலுவலகத்தின் கைரேகைக் கருவிமுன் நின்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். ஐந்து முறை விரலை வைத்தார். ஐந்து முறையும் கருவி ஏற்க மறுத்தது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே, "என் விரலு சரியில்ல, சாமி" என்று வெட்கத்தோடு சொன்னார். முள்ளோடும் மண்ணோடும் போராடித் தேய்ந்த விரல் அது. உழைப்பின் அடையாளத்தையே குற்றமாக ஏற்றுக்கொண்டு அவர் தலைகுனிந்தது என் நெஞ்சை வருத்தியது.

அன்று இரவு, அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் எழுதிய நூலை மீண்டும் எடுத்தேன். 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்ற பெயரில் இன்று வழங்கும் அந்நூல், 2013-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் அமைந்த கெண்டி ஒன்று அதன் அட்டையை அணிசெய்கிறது. ஊற்றினால் கை வெந்துபோகும்! தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் ஒருவர் கதவின்முன் திகைத்தால், குறை கதவை வடிவமைத்தவரைச் சார்ந்தது என்பதே நூலின் சாரம். எளிய மக்கள் கருவியின் குறைக்குத் தம்மையே நொந்துகொள்கிறார்கள் என்பதையும் ஆசிரியர் கூர்மையாகக் காண்கிறார். அந்தத் தாயை அவர் பார்த்ததில்லை. ஆயினும் அவரைப் பற்றியே எழுதியிருக்கிறார்.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஐதராபாத்தின் மின்னணுக் கழகமும் உருவாக்கும் வாக்குப்பதிவு இயந்திரமே அது. 1982-இல் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதித் தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2004-இல் நாட்டின் 543 மக்களவைத் தொகுதிகளிலும் வாக்குப்பதிவு இதிலேயே நடந்தது. பெயர், சின்னம், அதற்கு நேராக ஒரு நீலப் பொத்தான். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலி எழுகிறது. மறுமுறை அழுத்தினாலும் இரண்டாம் வாக்கு பதிவாகாது. பார்வையற்றோருக்காகப் பிரெயில் எண்களும் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் நம் எல்லைப் பகுதியில், எழுத்தறியாதவரும் பிறர் துணையின்றி இதைக் கையாளுகிறார். ஏனெனில், எழுத்தறியாத வாக்காளரை முன்னிறுத்தியே அது வடிவம் பெற்றது.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. தம் வாக்கு எங்கே விழுந்தது என்ற ஐயத்தைப் போக்கும் தாள்சீட்டு பின்னரே இணைக்கப்பட்டது. அது கண்ணாடிக்குப் பின்னால் தோன்றும் நேரம் ஏழு நொடிகள். மங்கிய கண்களுக்கு அது போதுமா?

நார்மனின் நூலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர் பெரிதும் பேசும் மனிதர், பொருளைக் கடையில் விலைகொடுத்து வாங்குபவர். பிடிக்காவிட்டால் அவர் வேறொன்றை வாங்கிக்கொள்வார். அந்தத் தாயோ கருவியை வாங்கவுமில்லை. வேண்டாம் என்று விலகவும் அவரால் இயலாது. கருவியின் திரைகூட அலுவலரை நோக்கியே இருந்தது. மறுப்புக்கான காரணம் அவருக்குத் தெரிந்தது, விரலுக்குரியவருக்குத் தெரியவில்லை. அக்கருவியைப் பயன்படுத்துபவர் அலுவலர். தாய் அதற்கு வெறும் விரல் மட்டுமே!

மாற்றுவழி இல்லையா? ஆதார் பதிவில் பத்து விரல்களோடு இரு கண்களின் கருவிழிகளும் பதியப்படுகின்றன. விரல் தேய்வோரும் இருப்பார்கள் என்று பதிவுமுறையை வகுத்தவர்கள் அறிந்தே இருந்தனர். ஆனால், கருவிழியைக் காணும் கருவி அந்த மேசையில் இல்லையென்றால் அந்த அறிவால் யாருக்குப் பயன்?

வடிவமைப்பின் அளவுகோல், திறமையாகக் கையாளுபவர் அல்லர், மறுக்க இயலாதவரே. வாக்குரிமைக்கு நாம் காட்டிய அக்கறையை அரிசிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஏன் காட்டலாகாது? அன்பு வாசகரே, அடுத்த முறை வரிசையில் உமக்கு முன்னால் நிற்பவர் தம் விரலை நொந்துகொண்டால், "பிழை உங்களுடையது அல்ல, அம்மா" என்று ஒரு சொல் சொல்லும். அன்று நான் அதைச் சொல்லாமல் நின்றுவிட்டேன்.